மழலையர் கையில் எவர் அட்டை?

மூன்றகவைக் குழந்தையொன்று தரையில் அமர்ந்து படஅட்டைகளைப் பொருத்தி விளையாடுகின்றது. ஆப்பிள் படத்தை எடுத்து, அதற்கிணையான மற்றோர் ஆப்பிள் படத்தின்மேல் வைக்கின்றது. நாயை நாயோடு சேர்க்கின்றது. காக்கையைக் காக்கையோடு சேர்க்கின்றது. ஒவ்வோர் இணை சேரும்போதும் அருகிலிருக்கும் தாய் அப்படத்தின் பெயரைச் சொல்கின்றாள், ஆங்கிலத்திற் சொல்கின்றாள். குழந்தை திருப்பிச் சொல்கின்றது. தாய் கைதட்டி மகிழ்கின்றாள். முற்றத்து முருங்கைமேல் அமர்ந்து கரையும் காக்கையை அக்குழந்தை நாள்தோறும் பார்க்கின்றது. ஆயினும், அட்டையில் அச்சிட்ட காக்கைக்கு அதன் நாவில் ஆங்கிலப் பெயரே நிற்கின்றது. அத்தாயின் பெயர் நல்ல தமிழ்ப்பெயர்; குழந்தையின் பெயர் அதனினும் தூயது. வீட்டுவாயிற் பெயர்ப்பலகையில் அயலெழுத்து ஒன்றுமில்லை. அட்டைக்கட்டில் மட்டும் தமிழுக்கு இடமில்லை.

குற்றம் விளையாட்டினுடையதன்று. படம் பொருத்தும் விளையாட்டு, மழலையர்க்குச் சொல்வளம் ஊட்டும் வழிகளுள் மிக எளியதும் செலவு குறைந்ததும் ஆகும். அவ்விளையாட்டை அட்டை விற்பார் கையில் விட்டுவிட்டு, தமிழ்காக்கும் பணி மேடையிலும் கடைப்பெயர்ப் பலகையிலும் மட்டுமே கிடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் தமிழன்பர்களுடையதே குற்றம். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் முயற்சியைத் தொடங்கியது முதல், அயற்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்த பட்டியல்கள் எத்துணையோ வெளிவந்துள்ளன. அவையாவும் வளர்ந்தவர்க்கு உரியவை. நாவில் முன்பே படிந்துவிட்ட அயற்சொல்லைத் துடைத்து, அவ்விடத்தில் தமிழ்ச்சொல்லைப் பதிப்பதற்கானவை. முதற்சொல்லே தமிழ்ச்சொல்லாய்ப் படியுமாயின் துடைக்கும் வேலையே இல்லையன்றோ? பாவலரேறு பெருஞ்சித்திரனார் (1933–1995) தென்மொழியோடு நில்லாமல் தமிழ்ச்சிட்டு என்னும் சிறுவர் இதழையும் நடத்தினார். அதுவும் எழுத்தறிந்த பிள்ளைகளுக்கே பயன்படும். எழுத்தறியுமுன் வரும் நான்காண்டுகள் எவராலும் பேணப்படாத புறம்போக்காகவே கிடக்கின்றன.

சட்டமும் அப் புறம்போக்கினுள் புகவில்லை. தமிழ்நாடு தமிழ் கற்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறி, பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்குவது அதன் திட்டம். அதற்குப் பாடுபட்டவர்கள் நன்றிக்குரியவர்களே. ஆனால் சட்டம் முதல் வகுப்பில் தொடங்குகின்றது. சொல்லோ தாய்மடியில் தொடங்குகின்றது. முதல் வகுப்பிற்கு வரும் பிள்ளை, மழலையர் வகுப்புகளில் ஈராண்டு மூவாண்டு கழித்து, நிறங்களையும் பழங்களையும் விலங்குகளையும் உடலுறுப்புகளையும் ஆங்கிலத்தில் அடுக்கிச் சொல்லப் பழகிய பின்னரே வருகின்றது. தமிழாசிரியர் 'மூக்கு' என்று கரும்பலகையில் எழுதும்போது, அஃது அப்பிள்ளைக்கு இரண்டாம் பெயராகிவிடுகின்றது.

குழந்தை சொற்பெறும் முறையைச் சிறிது கருதுதல் வேண்டும். பெரும்பாலும் ஓரகவை நிறையும் பொழுதில் முதற்சொல் பிறக்கின்றது. ஒன்றரை அகவை யளவில் ஏறத்தாழ 50 சொற்கள் நாவில் நிற்கும்; பிள்ளைக்குப் பிள்ளை சில திங்கள் முன்பின்னாகலாம். அதன்பின் சொற்கள் மழைக்காலத்துக் கிணற்றூற்றுப் போற் பெருகுகின்றன. பேசுஞ்சொல்லினும் விளங்கிக்கொள்ளுஞ்சொல் எப்பொழுதும் மிகுதி. இப்பருவத்துக் குழந்தை 'காக்கா' என்னும் சொல்லைக் கற்றதும், பறப்பனவற்றையெல்லாம் காக்கா என்றழைக்கும். நாற்கால் உயிர்கள் அனைத்தும் அதற்கு நாயே. இதனைப் பிழையென்று நகைப்பது பேதைமை. கையிலுள்ள ஒற்றைக் காசைக் கொண்டு கடைப்பொருள் அனைத்தையும் வாங்க முயலும் சிறுவனைப்போல, உள்ள ஒரு சொல்லைக் கொண்டு உலகனைத்தையும் சுட்ட முயல்கின்றது குழந்தை. அடுத்த சொல் வந்ததும் முந்தைய சொல்லின் எல்லை தானே சுருங்கும்.

படம் பொருத்தும் விளையாட்டின் முதற்பயன் இவ்விடத்திலேயே உள்ளது. காக்கைப்படம் இரண்டு, ஆண்குயிற் படம் இரண்டு, ஒருங்கே கிடக்கின்றன. அனைத்தும் கரிய பறவைகள். ஊர்க்காக்கையின் கழுத்து சாம்பல் நிறம். குயிலின் கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை. இணையைத் தேடும் குழந்தை அவ்வேறுபாட்டைத் தானே காண்கின்றது. கண் தேடிக்கொண்டிருக்கும் அந்நொடியில் காதில் விழும் பெயர், தேடாதபொழுது பன்முறை விழும் பெயரினும் ஆழமாகப் படியும். படத்தோடு பெயரை நெட்டுருச் செய்விப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இவ்வுண்மை புதிதன்று. மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமேனியசு (1592–1670), உலகப் பொருள்களைப் படங்களால் காட்டும் சிறுவர் நூலொன்றை 1658-இல் நூரம்பெர்க்கு நகரில் வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓரெண்; அவ்வெண்ணே கீழே அப்பொருளின் பெயரருகிலும் நிற்கும். பிள்ளை எண்ணை எண்ணோடு பொருத்திச் சொல்லறியும். அந்நூலிற் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. இலத்தீனே கல்விமொழியாய்க் கோலோச்சிய காலத்தில், இலத்தீனுக்கு அருகில் பிள்ளையின் தாய்மொழியாகிய செருமானியத்தையும் இணையாக நிறுத்தினார் அவர். பொருளைத் தாய்மொழியில் அறியாத பிள்ளைக்கு அயன்மொழிப் பெயர் வெற்றொலியே என்பது அவர் கொள்கை.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். பெயர் கற்பிப்பதற்கு அவர் கையாண்ட முறை மூன்று படிகளையுடையது. பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகன் என்பாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. முதற்படியில் ஆசிரியர் பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்வார்: 'இது பாகல், இது புடல்.' இரண்டாம் படியில் பெயரைச் சொல்லிப் பொருளைக் கேட்பார்: 'பாகல் எது? எடு.' மூன்றாம் படியிலேதான் பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்பார்: 'இஃது என்ன?' பெற்றோர் பலர் முதற்படியில் ஒருமுறை சொல்லிவிட்டு, நேரே மூன்றாம் படிக்குத் தாவுகின்றனர். குழந்தை விழிக்கின்றது, தந்தை சினக்கின்றார். இடைப்படியே நீண்டதாக இருத்தல் வேண்டும். அட்டை விளையாட்டின் இன்பமும் அவ்விடைப்படியிலேயே உள்ளது. அங்கு விடை நாவிலன்று, கையில்.

சப்பானியர் செய்தியும் அறியத் தக்கது. கிளிஞ்சலின் இரண்டு ஓடுகளும் தம்முள் மட்டுமே பொருந்தும். வேறோர் ஓட்டோடு பொருந்தா. ஓடுகளின் உட்புறத்தில் இணைப்படங்கள் தீட்டி, 360 கிளிஞ்சல்கள் கொண்ட தொகுதியாக்கி, அந்நாட்டு உயர்குடியினர் பண்டு விளையாடினர். பிற்காலத்திற் பொதுமக்கள் வீடுகளில் அட்டை விளையாட்டொன்று பரவியது. ஒருவர் பழமொழியை உரக்கப் படிப்பார். சுற்றியிருக்கும் பிள்ளைகள் அதற்குரிய படஅட்டையைத் தாவி எடுப்பர். 48 இணைகள், அந்நாட்டு எழுத்து வரிசையும் பழமொழிகளும் அவ்வாட்டத்திலேயே படிந்துவிடும். அவ்வட்டைக்கு அவர்கள் வழங்கும் 'கருத்தா' என்னும் பெயர் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. பெயர் அயலதாயினும் அட்டையின் உள்ளீடு முழுதும் அவர்களுடையது. தமிழ்நாட்டுக் கடைகளிலோ சிலபோழ்து உறைமேல் நல்ல தமிழ்ப்பெயர் இருக்கின்றது. உள்ளே உள்ளவை அயலாருடையவை.

அந்தச் சப்பானிய ஆட்டத்தில் பொருந்துவன எவை? படமும் படமும் அல்ல; குரலும் படமும். இவ்வேறுபாட்டிலேயே பயனும் பயனின்மையும் அடங்கியுள்ளன. வாய் திறவாமற் படத்தைப் படத்தோடு சேர்த்துக்கொண்டேயிருக்கும் குழந்தைக்குக் கண் கூர்மையாகும், நினைவு வலுக்கும், சொல்மட்டும் வளராது. கைப்பேசித் திரையில் விரலால் தொட்டுப் பொருத்தும் விளையாட்டுகள் இக்குறையை உடையவை. பொருத்தியதும் மணியோசை கேட்கின்றது, விண்மீன்கள் சிதறுகின்றன, பேச எவருமில்லை. திரையே பெயரையும் ஒலிக்கின்றதே எனலாம். அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா கூல் என்பாரும் அவர் துணைவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. ஒன்பது திங்கள் அகவை யளவிலான அமெரிக்கக் குழந்தைகளிடம் சீனமொழியினர் நேரில் அமர்ந்து, 12 முறை, விளையாடியும் நூல் படித்தும் காட்டினர். அக்குழந்தைகள் சீனமொழியின் ஒலி வேறுபாட்டை உணர்ந்தன. அப்பேச்சையே திரையிற் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாற் கேட்ட குழந்தைகளும் உணரவில்லை. அவ்வாய்வு ஒலியைப் பற்றியதேயன்றிச் சொல்லைப் பற்றியதன்று. ஆயினும் மொழி ஓர் உயிருள்ள முகத்திலிருந்தே முதலில் இறங்குகின்றது என்பதற்கு அது போதிய சான்று. ஆகலின் அட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவது கல்வியன்று. அருகிலிருந்து பெயரைச் சொல்வாரே அவ்வாட்டத்தின் உயிர். வீட்டிற் பாட்டியிருப்பின் அவரினும் சிறந்த ஆசிரியர் வேறில்லை.

இனி அட்டையில் எவற்றை வரைவது என்னும் வினா எழும். இங்குத்தான் தமிழ், பிறமொழிகள் பொறாமை கொள்ளத்தக்க செல்வத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கின்றது.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுக்கின்றது. குட்டி, குருளை, பறழ், பார்ப்பு, பிள்ளை, கன்று, மறி, மகவு, குழவி என்பன அவை. எவ்வுயிர்க்கு எப்பெயர் உரித்து என்பதையும் அவ்வியல் தனித்தனியே கூறுகின்றது. இஃதோர் ஆயத்தமான பொருத்தட்டைக் கட்டு! தாயின் படம் ஒருபால், சேயின் படம் மறுபால். ஆவிற்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, ஆட்டுக்குக் குட்டி என வழக்கிலுள்ளவற்றைக் கொண்டு தொடங்கி, நாலகவையில் சிங்கக் குருளையும் புலிப்பறழும் சேர்க்கலாம். மூன்றகவைக் குழந்தையிடம் பறழையும் பார்ப்பையும் திணிப்பது புலமையன்று, கொடுமை. இவ்வாட்டத்தில் ஒரு திருப்பமும் உண்டு. நெல்லையும் புல்லையும் விலக்கி, ஏனை ஓரறிவுயிர்களுக்கும் பிள்ளை, கன்று முதலிய பெயர்கள் பொருந்தும் என்கின்றது மரபியல். இன்றும் தென்னை பெற்றது பிள்ளை. வாழை பெற்றது கன்று. எனவே ஆவும் யானையும் வாழையும் மாவும் ஒருபுறம் 'கன்று' என்னும் பெயரின்கீழ்க் கூடும். அணிலும் கீரியும் தென்னையும் மறுபுறம் 'பிள்ளை' என்னும் பெயரின்கீழ்க் கூடும். மரத்திற்கும் விலங்கிற்கும் ஒரே பெயரை வைத்த மக்களின் நெஞ்சம், விளக்கம் ஏதுமின்றி, விளையாட்டாகவே குழந்தையின் நெஞ்சிற் சென்று சேர்கின்றது.

மொழிஞாயிறு பாவாணர் (1902–1981) தமிழின் பொருட்பாகுபாட்டு நுட்பத்திற்குச் சான்றாக நிலைத்திணைச் சொற்களை வகைப்படுத்திக் காட்டினார். புளி, வேம்பின் இலை. நெல், புல்லின் தாள். கரும்பு, சோளத்தின் தோகை. தென்னை, பனையின் ஓலை. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னை, பனையின் பிஞ்சு குரும்பை. பூவிற்கும் அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என நிலைதோறும் வேறுவேறு பெயர். இப்பகுப்புகள் 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றன. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அங்கு நிகழ்வது என்ன? பதினைந்தகவை மாணவன், வாழைப்பிஞ்சைக் கையால் தொடாமலே, 'கச்சல்' என்பதை மதிப்பெண்ணிற்காக நெட்டுருச் செய்கின்றான். தேர்வு முடிந்ததும் மறக்கின்றான். நாலகவையில் படத்தைப் படத்தோடு சேர்த்துச் சிரித்துக்கொண்டே பெறவேண்டிய சொல், பதினோராண்டு பிந்தி, ஒருமதிப்பெண் வினாவாக அவனிடம் வருகின்றது.

வாழை ஒன்றே ஓர் அட்டைக்கட்டிற்குப் போதும். கன்று, குருத்து, இலை, தண்டு, நார், பூ, மடல், கச்சல், காய், பழம், சீப்பு, தாறு, சருகு எனப் பதின்மூன்று சொற்கள் எளிதில் வருகின்றன. கொல்லையில் வாழை நிற்கும் வீடாயின் படம் வரைய வேண்டியதும் ஒருபாதியே. மறுபாதி உண்மைப் பொருளாகவே இருக்கட்டும். சீப்பின் படத்தைக் கொடுத்து, 'இதனைக் கண்டுபிடித்து வா' என்று கொல்லைக்கு அனுப்பினால், தலைவாருஞ் சீப்போடு திரும்பும் குழந்தையும் உண்டு. அன்றைக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதை அது கற்றுக்கொள்கின்றது.

பெயர்ச்சொற்களினும் பேரிடரில் இருப்பவை வினைச்சொற்கள். அட்டை விற்பார் எவரும் வினையைக் கருதுவதில்லை. பழம், விலங்கு, ஊர்தி என்று பெயர்களையே அச்சிடுகின்றனர். வீட்டுப்பேச்சிலோ ஆங்கில வினையொன்றை எடுத்து அதன்வாலில் 'பண்ணு' என்பதை ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. 'கட் பண்ணு' என்னும் ஒரே தொடர் எத்துணைத் தமிழ் வினைகளை விழுங்கியுள்ளது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரத்தை வெட்டினர், நெல்லை அறுத்தனர், தினைக்கதிரைக் கொய்தனர், கீரையைக் கிள்ளினர், வெங்காயத்தை நறுக்கினர், வாழைக்காயை அரிந்தனர், பாக்கைச் சீவினர், துணியைக் கத்தரித்தனர், முடியை மழித்தனர். ஒவ்வொன்றிலும் கருவி வேறு, கையின் அசைவு வேறு, அறுபடும் பொருள் வேறு. ஆகலின் சொல்லும் வேறு. இவை அனைத்தும் ஒரே அயற்சொல்லுள் மூழ்குமாயின், தொலைவன சொற்கள் மட்டுமல்ல. கையின் அசைவை வேறுபடுத்தி நோக்கிய அறிவுங்கூட.

இவற்றைப் படமாக்குவதில் அருமையொன்றுமில்லை. ஓரட்டையில் அரிவாள்மணை, இணையட்டையில் வாழைக்காய் அரியுங் கை. ஓரட்டையில் கத்தரிக்கோல், இணையட்டையில் துணியைக் கத்தரிக்குங் கை. ஓரட்டையில் அறுவாள், இணையட்டையில் நெல்லறுக்குங் கை. இணை சேர்ந்ததும் குழந்தை வினையைச் சொல்லுதல் வேண்டும். சொன்னவாறே கையாற் செய்தும் காட்டுதல் வேண்டும். அவ்வாறே மாலை தொடுத்தல், கூடை முடைதல், பானை வனைதல், ஆடை நெய்தல், விளக்கேற்றுதல், சுவரெழுப்புதல் என அடுக்கிக்கொண்டே போகலாம். மரபுவினை என்று இலக்கண வகுப்பிற் படிக்கும் பகுதி முழுதும் இத்தகைய அட்டையில் அடங்கும். ஒலிவினைகளை மட்டும் தாளில் வரைய முடியாது. அகவும் மயிலையும், பிளிறும் யானையையும், முரலும் வண்டையும் அருகிலிருப்பவரே வாயால் ஒலித்துக் காட்டுதல் வேண்டும். குழந்தைக்கு அப்பகுதியே மிகப் பிடித்ததாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

தமிழெழுத்து அட்டைகள் கடைகளில் இல்லாமலில்லை. அணில், ஆடு, இலை, ஈ என்று தொடங்கி, ஔ என்னுமிடத்தில் ஔவையாரை அமர்த்தி முடியும் அவ்வட்டைகளைப் பழிப்பது நோக்கமன்று; தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவித்தவை அவை. ஆயினும் அவை எழுத்திற்காகச் சொல்லைத் தேர்ந்தவை. குழந்தைக்காகத் தேர்ந்தவை அல்ல. 'ஐ'காரத்திற்கு ஒரு சொல் வேண்டும் என்பதற்காக ஐவர் நிற்பதும், 'ஒ'கரத்திற்காக ஒட்டகம் வருவதும் எழுத்தின் தேவை. எழுத்து வருமுன் சொல் வருதல் வேண்டும். மூன்றகவையில் எழுத்தில்லாத படஅட்டையே போதும். எழுத்தட்டை பின்னர் வரட்டும். உரலையும் அம்மியையும் நீக்கிவிட வேண்டுமென்பாரும் உளர். பார்த்தறியாத பொருளை முதற்கட்டில் வைக்க வேண்டாம் என்பது வரை அவர் கூற்று ஏற்கத்தக்கது. பாட்டி வீட்டில் அம்மி கிடக்குமாயின், அதனைக் காட்டியபின் அட்டையிற் சேர்ப்பதற்குத் தடையேது?

தமிழன்பர்களுக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அட்டை செய்யப் புகுவோர், தாம் அண்மையிற் படித்த புதுச்சொற்களையெல்லாம் அதிற் கொட்டிவிட விரும்புவர். பேருந்து, மிதிவண்டி, தொலைப்பேசி போல வழக்கில் வேரூன்றியவை தாராளமாக வரட்டும். ஆப்பிளுக்கு எப்பெயர் ஏற்றது என்று அறிஞர்களே வழக்காடிக்கொண்டிருக்கும்போது, அவ்வழக்கைக் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அப்பழத்தையே விட்டுவிட்டுக் கொய்யாவை வரையலாம். நாவல், இலந்தை, நெல்லி, விளா என்று நாட்டுப்பழங்கள் காத்துக் கிடக்கின்றன. மைனாவை 'நாகணவாய்' என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் வீட்டார் எவரும் அப்பெயரைச் சொல்லாவிடின் அது அட்டையோடு ஒழியும். மரங்கொத்தி, மீன்கொத்தி, கொண்டலாத்தி, தவிட்டுக்குருவி ஆகியவை முதலிற் பழகட்டும். மரங்கொத்தியும் மீன்கொத்தியும் தம் தொழிலைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்பவை. ஒருமுறை கேட்ட குழந்தை மறப்பதில்லை.

வட்டார வழக்கையும் பிழையெனத் தள்ளலாகாது. விளக்குமாறு, துடைப்பம், வாரியல், சீமாறு என ஒரே பொருளுக்கு இடந்தோறும் பெயர் வேறு. மரவள்ளியே கொங்குநாட்டிற் குச்சிக்கிழங்கு. அச்சிட்ட அட்டை இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றைக் கொன்றுவிடும். படத்தின்கீழ்ப் பெயர் அச்சிடாத அட்டைக்கு இத்தீமையில்லை. தாய்வழிப் பாட்டி ஒரு பெயரும் தந்தைவழிப் பாட்டி மற்றொரு பெயரும் சொல்லட்டும். குழந்தைக்கு இரண்டும் கிடைக்கும். காக்கா, மாமா, தாத்தா என்னும் மழலைச் சொற்களையும் திருத்த வேண்டியதில்லை. குழந்தை 'காக்கா' என்றால், 'ஆம், காக்கை கரைகின்றது' என்று விடையிறுத்தாற் போதும். சாதம் என்று சொல்லும் குழந்தையை அதட்டினால் அது சோற்றையே வெறுக்கும், 'சோறு உண்ணலாமா?' என்று நாள்தோறும் கேட்கும் வீட்டில் சோறு தானே நிலைபெறும்.

செய்முறைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பழைய திருமண அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. அவற்றின் வெற்றுப்புறம் வெண்மையாகவும் தடிப்பாகவும் இருக்கும். உள்ளங்கை யளவிற் சதுரமாக வெட்டி, முனைகளை வளைத்துக் கத்தரித்து, படத்தைக் கையால் வரையலாம். நாளிதழ், நாட்காட்டிப் படங்களை ஒட்டலாம். ஓவியம் அழகாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒன்றற்கொன்று வேறுபாடு தெரியவேண்டும். இரண்டகவையில் மூன்று இணைகளுக்குமேல் வேண்டா. அவையும் முகங்காட்டிக் கிடக்கட்டும். மூன்றகவையில் ஆறு இணைகள். கவிழ்த்துவைத்து நினைவால் எடுக்கும் ஆட்டம் நாலகவைக்கு உரியது. புரட்டும்பொழுதெல்லாம் பெயரைச் சொல்வது ஆட்டத்தின் விதி. பெயர் சொல்லாமற் பொருத்திய இணை கணக்கில் வாராது. இவ்விதி வீட்டுப் பெரியவர்களுக்கும் உண்டு. பத்து மணித்துளி போதும். குழந்தை அட்டையைத் தூக்கி எறியத் தொடங்கினால் அன்றைய பாடம் முடிந்ததென்று அறிக.

ஊர்தோறும் தமிழ்மன்றங்கள் உள்ளன. ஆண்டு விழாவிற்கு மேடை, ஒலிபெருக்கி, மாலை என்று செலவிடுகின்றன. ஒரு விழாவின் மாலைச் செலவை மிச்சப்படுத்தினால், அவ்வூர்க் குழந்தைகள் நடுவத்திற்கு அட்டைக்கட்டுகள் செய்து கொடுக்கலாம். ஓவிய ஆசிரியர் ஒருவரும், உழவுத்தொழில் அறிந்த முதியவர் ஒருவரும், பேரப்பிள்ளை வளர்த்த பாட்டிமார் இருவரும் ஒருநாள் கூடியிருந்தால், எந்தப் பட்டியலிலும் ஏறாத சொற்கள் இருநூறேனும் தொகுக்கலாம். நடுவத்துப் பணியாளர்கள் முன்பே சுமை மிக்கவர்கள். அவர்களிடம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், கிழமைக்கு ஒருநாள் மன்றத்தார் ஒருவர் சென்று தரையில் அமர்தல் வேண்டும். மேடையிற் பேசுவதினும் இது கடினம். கேட்போர் கைதட்ட மாட்டார்கள், மடியில் ஏறிக்கொள்வார்கள்.

தொடங்குவதற்கு நன்னாளும் அருகிலுண்டு. பொங்கலுக்கு வீட்டிற்குக் கரும்பு வருகின்றது. தோகை ஒன்று, கழி ஒன்று, கணு ஒன்று, வேரோடு கூடிய அடிக்கட்டை ஒன்று: நான்கையும் அழைப்பிதழ் அட்டையில் வரைந்து, கரும்பைக் குழந்தையின் முன்னே கிடத்தி, முதல் ஆட்டத்தை ஆடலாம். பொருத்தி முடித்த கழியைத் தின்றுவிடலாம்.